சூப்பர் ஹீரோ படங்களின் அடுத்த பாகங்கள்: கோத்தகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் கணினி மையம் நடத்துகிறேன். மின்கட்டணம், சாதிச் சான்றிதழ் விண்ணப்பம், பஸ் முன்பதிவு ஆகியவற்றோடு கோவைத் திரையரங்குகளுக்கு டிக்கெட் போட்டுக் கொடுப்பதும் என் வேலை. பெரிய சூப்பர் ஹீரோ படத்தின் அடுத்த பாகம் வரும் வாரத்தில், பணம் கட்டுவதற்கு முன்னால் எல்லாரும் ஒரே மாதிரிச் சந்தேகங்களைக் கேட்கிறார்கள். இந்தப் படங்களைப் பள்ளி நாளிலிருந்து ஆசையாகப் பார்த்து வருபவள் என்பதால் எனக்கும் பதில் சொல்லப் பிடிக்கும். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

கணக்கு பற்றி ஒரு குறிப்பு. வேறு விதமாகச் சொல்லாத இடங்களில் தொகைகள் எல்லாம் உலகம் முழுவதும் வசூலான தொகைகள். கோடி டாலரில், ஏறக்குறைய. டாலர் 80 ரூபாயைத் தாண்டிவிட்டதால் 1 கோடி டாலரை 80 கோடி ரூபாய்க்கு மேல் என்று எடுத்துக்கொள்ளலாம்.

அக்கா, முதல் பாகம் பார்க்கவில்லை. நேராக இரண்டாம் பாகத்துக்குப் போகலாமா?

படத்தைப் பொறுத்தது. 2008இல் வந்த 'தி டார்க் நைட்' படத்துக்கு 2005இல் வந்த முந்தைய பாகத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. பேட்மேன் யார் என்று தெரிந்தால் போதும். ஆனால் 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்துக்கு அதற்கு முந்தைய 'இன்ஃபினிட்டி வார்' பார்க்காமல் போனால் முதல் அரை மணி நேரத்தில் அழுகிறவர்கள் எதற்காக அழுகிறார்கள் என்றே புரியாது.

என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: முந்தைய ஒரு படம் போதும் என்றால் அதை வீட்டில் பார்த்துவிட்டுப் போங்கள். நான்கு படம், இரண்டு தொடர் பார்க்க வேண்டும் என்று யாராவது பட்டியல் கொடுத்தால், அந்தப் படம் வெளியாட்களுக்காக எடுக்கப்படவில்லை என்று அர்த்தம். அப்படிப்பட்ட படத்தின் வசூலும் பெரும்பாலும் அடிபடும். அதைக் கீழே 'தி மார்வெல்ஸ்' பற்றிய கேள்வியில் விளக்கியிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை வெளியாகிறது, சனிக்கிழமையே வெற்றி என்று போடுகிறார்களே, நம்பலாமா?

முதல் மூன்று நாள் வசூல் பெரும்பாலும் முந்தைய படம் சம்பாதித்துக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்தவர் இந்தப் படத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்டிருக்க மாட்டார். போன பாகம் பிடித்திருந்தது, அதனால் வந்திருக்கிறார். புதிய படம் தன் சொந்தக் காலில் நிற்கிறதா என்பது இரண்டாவது வார இறுதியில்தான் தெரியும்.

2023இல் வந்த இரண்டு படங்களைப் பாருங்கள். ஆன்ட் மேன் வரிசையின் மூன்றாம் படமான 'குவாண்டுமேனியா' அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 10.6 கோடி டாலர் வசூலித்தது. 'கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி' மூன்றாம் பாகம் 11.8 கோடி. இரண்டும் கிட்டத்தட்டச் சமம். இரண்டாவது வார இறுதியில் முதல் படத்தின் வசூல் ஏறக்குறைய 70 சதவீதம் சரிந்தது. இரண்டாவது படம் பாதிகூடச் சரியவில்லை. கடைசியில் ஒன்று 47.6 கோடி டாலரோடு நின்றது, மற்றொன்று 84.5 கோடியைத் தொட்டது. தொடக்கம் ஒன்றாக இருந்தும் முடிவு இவ்வளவு தள்ளிப் போனதற்குக் காரணம், பார்த்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்ன சொல்தான்.

கோவைக்காரர்கள் சுமாரான படத்தைக்கூட 'பரவாயில்லை' என்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் அவ்வளவு கோபம் வருகிறது?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஊழியர். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போய் வந்த மறுநாள் கேட்டார். அவர் கோபம் முழுக்க நியாயமானது.

டிக்கெட் விலையைப் பார்த்தால் தமிழ்நாட்டில் பெரிய சுமை இல்லை. 2017இல் மல்டிபிளெக்ஸ் டிக்கெட்டுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. ஆனால் நமக்கு டிக்கெட் என்பது செலவின் ஒரு பகுதிதான். ஊட்டியில் அசெம்பிளி ரூம்ஸ் திரையரங்கு ஆங்கிலப் படங்களுக்குப் பேர்போனது. இருந்தாலும் பெரிய திரை, சுற்றிலும் ஒலி, ஐமாக்ஸ் என்றால் கோவைக்குத்தான் இறங்க வேண்டும். இங்கிருந்து மேட்டுப்பாளையம் வழியாக 70 கிலோமீட்டர் அளவு, அதில் பாதி மலைப்பாதை. நான்கு பேருக்குப் பஸ், மதியச் சாப்பாடு, வளைவுகளில் வாந்தியெடுக்கும் பிள்ளை, போய்விட்ட ஒரு நாள் கூலி. இரவுக் காட்சி பார்த்தால் திரும்பும்போது குஞ்சப்பனைப் பக்கம் யானை நிற்குமோ என்ற பயம். 'எண்ட்கேம்' 181 நிமிடம் ஓடியது. மாலைக் காட்சிக்குப் போனவர்கள் கடைசி பஸ்ஸை நினைத்துக்கொண்டேதான் உச்சக்கட்டத்தைப் பார்த்தார்கள்.

இவ்வளவு கொடுத்துப் பார்ப்பவர் 'பரவாயில்லை' என்ற படத்துக்குத் திருப்திப்பட மாட்டார். அதனால்தான் மலையில் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டாவது வாரம் போகின்றன. முதல் வாரம் போய் வந்த கல்லூரிப் பிள்ளைகளைக் கேட்டுவிட்டு முடிவு செய்கிறார்கள். முந்தைய பதிலில் சொன்ன இரண்டாவது வார வசூல் உலகம் முழுவதும் இப்படிப்பட்ட குடும்பங்களால்தான் ஆகிறது. ரசிகர்கள் படத்தைத் தொடங்கி வைப்பார்கள். ஓட்டுவது இவர்கள்.

ஏறக்குறைய 4,000 கோடி ரூபாய் வசூலித்த படத்தைத் தோல்வி என்கிறார்கள். என்ன கணக்கு இது?

மேலே சொன்ன 'குவாண்டுமேனியா' பற்றிய கேள்விதான் இது. வசூல் முழுவதும் தயாரிப்பாளர் கைக்குப் போவதில்லை. திரையரங்கின் பங்கு கழிந்து சராசரியாகப் பாதிதான் ஸ்டூடியோவுக்கு வரும். சீனாவில் கால் பங்கு அளவுதான். அந்தப் படத்தின் தயாரிப்புச் செலவு 20 கோடி டாலர் அளவு என்று அப்போது சொல்லப்பட்டது. விளம்பரச் செலவு அதற்கு வெளியே தனி. உலகம் முழுவதும் வெளியாகும் படத்துக்கு அது 10 கோடி டாலரைத் தாண்டுவது சாதாரணம். ஆகவே தயாரிப்புச் செலவைப்போல இரண்டரை மடங்கு வசூலானால்தான் திரையரங்கு வருமானத்தில் போட்ட முதல் தேறும் என்று துறையில் தோராயமாகச் சொல்வார்கள்.

நம் ஊர் செய்திகளைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கிராஸ் என்றால் வரியோடு சேர்ந்த மொத்த வசூல். நெட் என்றால் வரி போக மிச்சம். ஷேர் என்றால் திரையரங்கின் பங்கும் போய் விநியோகஸ்தருக்கு வருவது. ஒரு படத்தின் கிராஸையும் இன்னொரு படத்தின் நெட்டையும் ஒப்பிட்டுச் சண்டை போடுவதை என் மையத்திலேயே நிறையப் பார்க்கிறேன்.

உலகத்திலேயே அதிக வசூல் எண்ட்கேம் தானே?

2019 ஜூலையில் 'அவதார்' படத்தைத் தாண்டி முதலிடம் பிடித்தது உண்மை. 2021இல் சீனாவில் 'அவதார்' மறுபடியும் வெளியாகி இடத்தைத் திரும்பப் பெற்றது. 'எண்ட்கேம்' ஏறக்குறைய 280 கோடி டாலர், 'அவதார்' 292 கோடி. சூப்பர் ஹீரோ படங்களில் 'எண்ட்கேம்' இன்றும் முதலிடம்.

எதிர்பார்ப்பு என்றால் என்ன அக்கா? இன்னும் பெரிய வில்லன், இன்னும் பெரிய சண்டை, அவ்வளவுதானே?

இல்லை. ஒவ்வொரு முதல் பாகமும் பார்வையாளரிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறது. இந்த மனிதனை நீ நம்பலாம், இந்த உலகம் இப்படித்தான் இயங்கும், உனக்கு இந்த விதமான உணர்ச்சி கிடைக்கும் என்ற வாக்கு. இரண்டாம் பாகத்திடம் ரசிகர் கேட்பது அந்த வாக்கைத்தான். சண்டை சிறியதாக இருந்தாலும் மன்னிப்பார், வாக்குத் தவறினால் மன்னிக்க மாட்டார்.

இதற்கு 'ஜோக்கர்' படத்தைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. 2019இல் வந்த முதல் படம் குறைந்த செலவில் எடுக்கப்பட்டு 107 கோடி டாலர் ஈட்டியது. ஊரால் மிதிக்கப்பட்ட ஒருவன் பயங்கரமானவனாக மாறுவதைப் பார்த்து மனம் பதறியவர்கள், மாறிய பிறகு அவன் என்ன செய்யப்போகிறான் என்று ஐந்து ஆண்டுகள் காத்திருந்தார்கள். 2024இல் வந்த இரண்டாம் பாகம் சிறையிலும் நீதிமன்றத்திலும் பாட்டுகளோடு நகர்ந்து, அவன் உருவாக்கிக்கொண்ட அந்த வேடத்தையே களைந்தது. இயக்குநரும் நடிகரும் துணிச்சலாகச் செய்த காரியம் என்று நான் மதிக்கிறேன். ஆனால் வந்தவர்கள் எதற்காக வந்தார்களோ அது அங்கே இல்லை. அமெரிக்காவில் முதல் நாள் பார்வையாளர்களிடம் கேட்டு மதிப்பெண் போடும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணக்கில் அதற்குக் கிடைத்தது 'டி'. பெரிய சூப்பர் ஹீரோ படங்கள் வழக்கமாக 'ஏ' அல்லது 'பி' வாங்கும். மொத்த வசூல் 21 கோடி டாலர் அளவில் நின்றது. முதல் படத்தின் ஐந்தில் ஒரு பங்கு.

எதிர்ப்பக்கத்துக்கும் எடுத்துக்காட்டு உண்டு. கேப்டன் அமெரிக்காவின் முதல் படம் 2011இல் 37 கோடி டாலர். 2014இல் வந்த 'தி வின்டர் சோல்ஜர்' 71 கோடி. முதல் படம் போர்க்களக் கதை. இரண்டாவது உளவுக் கதை. தோற்றமே மாறிவிட்டது, ஆனால் அந்த மனிதன் மாறவில்லை. சரி என்று பட்டதற்காகத் தன் மேலதிகாரிகளையே எதிர்த்து நிற்பவன் என்ற வாக்கு இன்னும் ஆழமாகக் காப்பாற்றப்பட்டது.

அப்படியானால் முதல் பாகத்தையே கொஞ்சம் மாற்றி எடுத்துவிட்டால் போதுமே?

போதாது. வாக்கைக் காப்பாற்றுவதற்கும் கதையைத் திருப்பிச் சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது. 'அவெஞ்சர்ஸ்' முதல் படம் 2012இல் 152 கோடி டாலர். 2015இல் வந்த இரண்டாவது 140 கோடி. அதில் நாயகர்கள் அதிகம், அழிவு அதிகம், ஆனால் மறுபடியும் ஒரு படை வானத்திலிருந்தும் தெருவிலிருந்தும் வர, எல்லாரும் கூடி அடிக்கிறார்கள். 140 கோடி தோல்வியே இல்லை என்றாலும், பார்த்தவர்களிடம் முதல் படத்தின் துள்ளல் இல்லை.

மூன்றாவது படமான 'இன்ஃபினிட்டி வார்' நாயகர்களைத் தோற்க வைத்தது. திரையரங்கில் அவ்வளவு பேரும் பேச்சில்லாமல் எழுந்து போனார்கள். வசூல் 205 கோடி. ஓராண்டு முழுவதும் பள்ளிப் பிள்ளைகள் அடுத்து என்ன நடக்கும் என்று என் மையத்தில் உட்கார்ந்து வாதாடினார்கள். அடுத்த படத்தின் டிக்கெட் அப்போதே விற்றுவிட்டது என்றுதான் சொல்வேன். சூப்பர் ஹீரோ வரிசைகளிலேயே துணிச்சலான முடிவு அதுதான் என்பது என் கருத்து.

முதல் பாகம் சுமாராக ஓடி இரண்டாம் பாகம் பெரிதாக ஓடியது உண்டா?

உண்டு, அடிக்கடி. 'தி வின்டர் சோல்ஜர்' ஒன்று. 2005இல் வந்த பேட்மேன் படம் 37 கோடி டாலர், 'தி டார்க் நைட்' 100 கோடி. ஸ்பைடர்-வெர்ஸ் அனிமேஷன் படம் 2018இல் 38 கோடி, 2023இல் இரண்டாவது 69 கோடி. இந்த மூன்றிலும் முதல் படத்தைத் திரையரங்கில் தவறவிட்டவர்கள் பிறகு வீட்டில் பார்த்து வியந்து, அடுத்ததைத் தவறவிடக் கூடாது என்று வந்தார்கள். நல்ல முதல் படத்துக்கு வரவேண்டிய பணம் சில நேரம் இரண்டாம் படத்தில் வந்து சேரும்.

பெண் நாயகி என்றால் ஓடாது என்று என் அண்ணன் சொல்கிறான். கேப்டன் மார்வெல் இரண்டாம் பாகம் அப்படித்தானே விழுந்தது?

பிளஸ் டூ படிக்கும் பெண் கேட்ட கேள்வி. உன் அண்ணனிடம் இந்தக் கணக்கைக் காட்டு. 'வொண்டர் உமன்' 2017இல் 82 கோடி டாலர். 'கேப்டன் மார்வெல்' 2019இல் 113 கோடி. இரண்டிலும் நாயகி பெண். நீ கேட்ட இரண்டாம் பாகம், 2023இல் வந்த 'தி மார்வெல்ஸ்', 20.6 கோடிக்கு விழுந்தது உண்மைதான். அதே ஆண்டு ஆண்கள் நாயகர்களாக வந்த படங்களின் கதி என்ன? 'ஷாஸாம்' இரண்டாம் பாகம் 13.4 கோடி. 'தி ஃபிளாஷ்' 27 கோடி. 'அக்வாமேன்' முதல் பாகம் 115 கோடி, இரண்டாம் பாகம் 44 கோடி அளவு. இவற்றைப் பார்த்து ஆண் நாயகன் என்றால் ஓடாது என்று யாரும் சொல்லவில்லை.

'தி மார்வெல்ஸ்' விழுந்ததற்குக் காரணங்கள் வேறு. முதல் படம் 2019 மார்ச்சில், 'இன்ஃபினிட்டி வார்' படத்துக்கும் 'எண்ட்கேம்' படத்துக்கும் நடுவில் வந்தது. அடுத்து நடக்கப்போவதற்கு இவள்தான் திறவுகோல் என்று எல்லாரும் ஓடினார்கள். இரண்டாவது படத்துக்கு அந்தக் காற்று இல்லை. அதன் மூன்று நாயகிகளில் இருவரை ஓடிடி தொடர்களில்தான் சரியாக அறிமுகம் செய்திருந்தார்கள், அவற்றைப் பார்க்காதவர்கள் தயங்கினார்கள். ஹாலிவுட் நடிகர்களின் வேலைநிறுத்தம் 2023 ஜூலை 14 முதல் நவம்பர் 9 வரை நடந்தது, படம் நவம்பர் 10இல் வந்தது. நடிகைகள் முன்கூட்டி ஒரு பேட்டிகூடக் கொடுக்க முடியவில்லை. தமிழ்நாட்டில் அது தீபாவளி வாரம். 'ஜிகர்தண்டா டபுள் எக்ஸ்', 'ஜப்பான்' இரண்டும் அதே நாளில் வந்தன.

இன்னொன்றும் சொல். 2025இல் மலையாளத்தில் பெண் சூப்பர் ஹீரோவை வைத்து வந்த 'லோகா' முதல் அத்தியாயம் உலகம் முழுவதும் 300 கோடி ரூபாயைத் தாண்டியது. கேரள எல்லையை ஒட்டிய கூடலூர், பந்தலூர் பக்கம் உன் தோழிகள் யாராவது இருந்தால் கேட்டுப் பார்.

இப்போது எல்லாருக்கும் இந்தப் படங்கள் சலித்துவிட்டதா?

படம் சலிக்கவில்லை, அளவு திகட்டிவிட்டது. 2008 முதல் 2019 வரை பதினோரு ஆண்டுகளில் மார்வெல் ஸ்டூடியோஸ் கதைவரிசையில் 23 படங்கள். 2021 ஒரே ஆண்டில் நான்கு படங்கள், அவற்றோடு ஐந்து ஓடிடி தொடர்கள். நம் மலையில் இதைப் புரியவைப்பது எளிது. இரண்டு இலை ஒரு மொட்டு என்று கிள்ளாமல் முற்றிய இலையையும் சேர்த்துப் பறித்தால் இன்றைக்குக் கூடையின் எடை ஏறும், பிறகு குன்னூர் ஏலத்தில் தூளின் விலை இறங்கும். மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னியின் தலைவராக இருந்த பாப் ஐகர் இதைப் பொதுவெளியில் ஒப்புக்கொண்டார். ஆண்டுக்கு இரண்டு தொடர், இரண்டு அல்லது மூன்று படம் என்று குறைக்கப்போவதாக 2024இல் அறிவித்தார்.

உண்மையிலேயே சலித்திருந்தால் அதே 2024இல் 'டெட்பூல் அண்டு வுல்வரின்' 130 கோடி டாலரைத் தாண்டியிருக்காது. அமெரிக்காவில் 17 வயது ஆகாதவர்கள் பெரியவர் துணையோடுதான் பார்க்கலாம் என்ற சான்றிதழோடும், இந்தியாவில் பெரியவர்களுக்கு மட்டும் என்ற சான்றிதழோடும் வந்த படம் அது. எங்கள் மையத்தில் பிளஸ் ஒன் பையன்கள் எவ்வளவு கெஞ்சியும் டிக்கெட் போட்டுத் தர மறுத்தேன்.

தமிழில் பார்த்தால் மதிப்பில்லை, ஆங்கிலத்தில்தான் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

விடுதிப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகள் இப்படிச் சொல்வதை ஊட்டியிலும் இங்கேயும் கேட்கலாம். எனக்கு இதில் வருத்தம் உண்டு. 'எண்ட்கேம்' இந்தியாவில் 350 கோடி ரூபாய்க்கு மேல் நெட் வசூலித்தது. தமிழ், இந்தி, தெலுங்கு இல்லாமல் ஆங்கிலத்தில் மட்டும் வந்திருந்தால் அந்த உயரத்தை நினைத்தே பார்க்க முடியாது. எங்கள் தெருவில் பாட்டிகள் வரை அந்தப் பட வில்லன் தானோஸ் பெயரைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்றால் அது தமிழ்க் குரல்கள் செய்த வேலை.

தமிழ் ரசிகரின் எதிர்பார்ப்பு குரலிலும் இருக்கிறது என்பதை அந்தப் படமே காட்டியது. தமிழ் வசனம் ஏ.ஆர். முருகதாஸ், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதி, பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியா. புகழ்பெற்ற பெயர்கள். ஆனால் அயர்ன் மேனை ஆண்டுக்கணக்கில் ஒரு குரலில் கேட்டுப் பழகிய பிள்ளைகள் முன்னோட்டம் வந்த அன்றே கொதித்துப் போனார்கள். விஜய் சேதுபதியின் மேல் அவர்களுக்கு வெறுப்பு எதுவும் இல்லை. அவர்கள் மனதில் அந்தப் பாத்திரத்தின் உயிர் பாதி அந்தப் பழைய குரலில் இருந்தது. முன்பு சொன்ன வாக்கு என்பதில் குரலும் அடக்கம். நட்சத்திரத்தைச் சேர்ப்பதாக நினைத்து அதைக் கலைப்பது நல்லதில்லை.

நாயகன் இறந்துவிட்டால் அல்லது மாறிவிட்டால் அந்த வரிசை முடிந்துவிடுமா?

'பிளாக் பேந்தர்' நாயகன் சாட்விக் போஸ்மன் 2020 ஆகஸ்டில் புற்றுநோயால் காலமானார். வேறொருவரை அந்தப் பாத்திரத்தில் போடாமல், அவருக்கான துக்கத்தையே கதையாக்கி 2022இல் 'வகாண்டா ஃபாரெவர்' எடுத்தார்கள். முதல் படம் 135 கோடி டாலர், இது 86 கோடி. தொகை குறைந்தது. ஆனால் நாயகனே இல்லாத படத்துக்கு 86 கோடி என்பது மக்கள் அந்த உலகத்தின் மேல் வைத்திருந்த அன்பு. படத்தின் தொடக்கத்தில் வரும் இறுதி ஊர்வலத்தை என்னால் இன்றும் கலங்காமல் பார்க்க முடியவில்லை.

உயிரோடு இருக்கும் நடிகரை மாற்றுவது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. ஹல்க் மாறினார், பேட்மேன் பலமுறை மாறினார். கதை சரியாக இருந்தால் பத்து நிமிடத்தில் பழகிவிடும்.

ரசிகர்கள் இணையம் முழுக்கக் கேட்டதைக் கொடுத்தால் வசூல் கட்டாயம் வருமா?

இது கொஞ்சம் சிக்கலான கேள்வி. பழைய நாயகர்களைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்பதுதான் ரசிகர்கள் அதிகம் கேட்பது. 2021இல் 'ஸ்பைடர் மேன்: நோ வே ஹோம்' பழைய ஸ்பைடர் மேன்கள் டோபி மக்வயரையும் ஆண்ட்ரூ கார்ஃபீல்டையும் கொண்டுவந்தது: 192 கோடி டாலர். கொரோனா முழுதாக விலகாத காலத்தில் அந்த வசூல். 2023இல் 'தி ஃபிளாஷ்' பழைய பேட்மேன் மைக்கேல் கீட்டனைக் கொண்டுவந்தது: மேலே சொன்ன 27 கோடி.

ஒரே உத்தி, இரண்டு முடிவுகள். முதல் படத்தில் அந்த இருவரும் வருவது, வளர்த்த அத்தையை இழந்து உடைந்துபோன பையனுக்குத் துணையாக. அதே இழப்பைத் தாங்கியவர்கள் உலகில் அவர்கள் மட்டும்தான். அவர்களை எடுத்துவிட்டால் கதையே நிற்காது. இரண்டாவது படத்தில் கீட்டன் வருவது மகிழ்ச்சி, ஆனால் நாயகனின் துயரத்தோடு அவருக்கு அப்படிப்பட்ட ஒட்டு இல்லை. போதாததற்கு அந்தப் படக் கதைவரிசையையே புதிதாகத் தொடங்கப்போகிறோம் என்று ஸ்டூடியோ முன்னதாக அறிவித்துவிட்டது. முடியப்போகும் கதைக்கு யார் பணம் கொடுத்து முதலீடு செய்வார்கள்?

குரலின் அளவும் டிக்கெட்டின் அளவும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2017இல் வந்த 'ஜஸ்டிஸ் லீக்' படத்தை, மகளின் இறப்பால் விலகிய ஜாக் ஸ்னைடரின் வடிவத்தில் வெளியிடச் சொல்லி ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2021இல் நான்கு மணி நேர வடிவம் ஓடிடியில் வந்தது. அன்பின் வலிமைக்கு அது சாட்சி. ஆனால் அதன் தொடர்ச்சியை எடுக்க ஸ்டூடியோ முன்வரவில்லை.

மூன்று மாதத்தில் ஓடிடியில் வந்துவிடும். எதற்கு மலை இறங்க வேண்டும்?

எல்லாவற்றுக்கும் இறங்க வேண்டாம். கூட்டத்தோடு பார்த்தால்தான் நிறைவு தரும் படங்கள் சில உண்டு. 'எண்ட்கேம்' கடைசிச் சண்டையில் ஒவ்வொருவராக வந்து நின்றபோது எழுந்த ஆரவாரத்தைக் கைப்பேசி தராது. மற்றதற்கு, முன்பு சொன்னபடி முதல் வாரம் போய் வந்தவர்களைக் கேளுங்கள். கதையைச் சொல்லாமல் கருத்தை மட்டும் சொல்லச் சொல்லுங்கள்.

நம் தமிழில் ஏன் சூப்பர் ஹீரோ இரண்டாம் பாகங்கள் வருவதில்லை?

முதல் பாகமே வேரூன்றவில்லை. 2012இல் 'முகமூடி' பெரிய எதிர்பார்ப்போடு வந்து அந்த அளவுக்கு ஓடவில்லை. 2010இன் 'எந்திரன்' படத்துக்கு 2018இல் '2.0' வந்தது; சிட்டி ரோபோவைச் சூப்பர் ஹீரோவாகக் கொண்டால் அதுதான் நம் பெரிய அடுத்த பாகம். இந்தியில் 'க்ரிஷ்' வரிசை 2006, 2013 என்று நீண்ட இடைவெளியில் வந்தது. இங்கே மக்கள் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் நட்சத்திரத்தைப் பார்க்க வருகிறார்கள். நட்சத்திரம் அடுத்த ஆண்டு வேறு வேடத்தில் வந்துவிடுவார், பாத்திரம் அனாதையாகிவிடும்.

தெலுங்கில் 2024இல் 'ஹனுமான்', அடுத்த ஆண்டு மலையாளத்தில் 'லோகா' இரண்டும் பெரிய நட்சத்திரத்தை நம்பாமல், நம் மண்ணின் தொன்மத்தை நம்பி வென்றன. இரண்டுக்கும் அடுத்த படங்களை அறிவித்திருக்கிறார்கள். முனீஸ்வரனும் கருப்பசாமியும் ஊர்க்காவல் நிற்கும் தமிழ்நாட்டில் இதைச் செய்ய ஆளில்லாமல் இருப்பது எனக்கு ஆதங்கம்.

ஒரு பாகம் படுதோல்வி என்றால் அந்த நாயகன் கதை அவ்வளவுதானா?

1997இல் 'பேட்மேன் அண்டு ராபின்' கேலிக்குள்ளாகி, முந்தைய பாகத்தைவிட வசூல் 10 கோடி டாலர் அளவு குறைந்தது. எட்டு ஆண்டுகள் திரையரங்கில் பேட்மேன் படமே இல்லை. 2005இல் மொத்தமாகப் புதிய கதை, புதிய நடிகர். அதிலிருந்து மூன்றே ஆண்டில் 'தி டார்க் நைட்' வந்தது. மக்கள் பாத்திரத்தைக் கைவிடுவதில்லை. இடைவெளியும் மரியாதையும் கேட்கிறார்கள்.

அவெஞ்சர்ஸ் 'டூம்ஸ்டே' எண்ட்கேமைத் தாண்டுமா? உங்கள் கணிப்பு என்ன?

2026 டிசம்பர் 18 என்று அறிவித்திருக்கிறார்கள். அயர்ன் மேனாக நடித்த ராபர்ட் டவுனி ஜூனியரே டாக்டர் டூம் என்ற வில்லனாக வருவதாக 2024 ஜூலையில் சொன்னபோது என் மையத்தில் கைதட்டலும் கேட்டது, முணுமுணுப்பும் கேட்டது. அயர்ன் மேனின் சாவுக்கு அழுத பிள்ளைகளுக்கு அந்த முகம் எளிதான விஷயம் இல்லை.

முதல் வார இறுதி மிகப் பெரியதாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 280 கோடியைத் தாண்டும் என்று நம்ப மாட்டேன். 'எண்ட்கேம்' படத்துக்கு முன்னால் தோல்வியில் முடிந்த 'இன்ஃபினிட்டி வார்' இருந்தது. பதில் தெரிந்தே ஆக வேண்டிய கேள்வி உலகம் முழுவதும் காத்திருந்தது. இந்தப் படத்துக்கு முன்னால் அப்படி ஒரு கேள்வி இல்லை, பழைய முகங்களின் மேலுள்ள பாசம் இருக்கிறது. 'நோ வே ஹோம்' போல அந்த முகங்கள் கதைக்குத் தேவைப்பட்டால் 200 கோடி எட்டலாம். 'ஃபிளாஷ்' போல வந்து நின்றுவிட்டுப் போனால் இரண்டாவது வாரத்தில் தெரிந்துவிடும்.

முதல் நாளே பார்க்க வேண்டும் என்பவர்கள் முன்பதிவு திறந்த அன்றே வாருங்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் கிறிஸ்துமஸ் முடிந்த வார நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள். பண்டிகை விடுமுறையில் சுற்றுலா வண்டிகளால் மேட்டுப்பாளையம் பாதை நெரியும். பகல் காட்சியாக எடுத்தால் இருட்டுவதற்குள் குஞ்சப்பனையைத் தாண்டிவிடலாம்.